படகையும் இறங்குதுறையையும் அறிந்த ஸுல்பிகா

கிண்ணியாவில் அந்த ஒழுங்கையில் யாருக்கு விண்ணப்பப் படிவம் வந்தாலும் அது ஸுல்பிகாவின் வாசலில்தான் போய் நிற்கும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஆனாலும் தபாற்கந்தோர் முதல் மாவட்டக் கச்சேரி வரை எந்த அரசாங்கத் தாளுக்கும் அவள் பயந்ததில்லை. "கடிக்கிற தாள இன்னும் அச்சடிக்கல்ல" என்பாள். அவள் கணவன் முனீப், காற்றுத் திரும்புவதை மூக்காலேயே சொல்லிவிடுகிற மீனவன். கையொப்பக் கோட்டைக் கண்டால் அவனுக்கு வேர்த்துவிடும்.

அப்பேர்ப்பட்டவளையும் ஓர் இணையப் பக்கம் மூன்று நாள் ஆட்டிப்படைத்தது. படகுப் பதிவை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். இந்த வருடம் தாள் கிடையாது, கைபேசியில்தானாம். 'புதிய, இலகுவான சேவை' என்று வேறு போட்டிருந்தார்கள். இலகுவாம், மண்ணாங்கட்டி! வியாழன் நான்கு மணி கடைசி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ, அங்கே எப்படியும் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆனால் பதிவு இல்லாமல் சனி விடியப் படகை இறக்க முடியாது; இறக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

பக்கத்தைத் திறந்தால் வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். நான்கு பக்கம் நிரப்பி 'அடுத்து' என்பதை அமத்தப் போனால் ஓர் அறிவிப்பு வந்து குந்தும், பொத்தான் கீழே ஓடிவிடும். பிறகு 'நேரம் முடிந்தது', எழுதியதெல்லாம் போச்சு.

கடைசியில் மூன்றாம் நாள் எல்லாம் கடந்துவிட்டாள். 'நீங்கள் இயந்திரம் அல்ல என்று நிரூபிக்கவும். படகு உள்ள படங்களைத் தெரிவு செய்யவும்' என்றது. ஸுல்பிகா சிரித்தாள். நடக்கப் பழகியதே படகுகளுக்கு நடுவில்தான். நான்கு படங்களைக் கண்மூடித் திறப்பதற்குள் அமத்தினாள்.

தவறு. மறுபடியும் தவறு.

முனீப் எட்டிப் பார்த்தான். "அந்தப் பலகைப் பாலத்தையும் படகெண்டு நினைச்சிருக்கும் போல. அதையும் அமத்து."

"அது இறங்குதுறை. அதைப் படகெண்டு சொல்ல நான் என்ன கடலைக் காணாதவளா? ஏலாது."

"ரோசம் சோறு போடாது, புள்ள."

அவன் முகத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குதுறையை அமத்தினாள். சரி என்றது. வட்டம் சுற்றியது. 'நேரம் முடிந்தது.'

மானத்தையும் கொடுத்து, பதிவும் இல்லை! அவளுக்குக் கொதித்துவிட்டது. வியாழன் காலை ஒழுங்கை முழுக்க ஒரு நடை நடந்தாள். மத்தியானம் பஸ் ஏறினாள்.

நகரத்தில் படகுப் பதிவுக் கந்தோரின் யன்னல் துறைமுகத்தைப் பார்த்திருந்தது. உத்தியோகத்தர் குணரத்தினம் தலை நிமிராமலே சொன்னார்: "தங்கச்சி, இனி எல்லாம் ஒன்லைன்தான். வீட்டை போய்ப் போடுங்கோ."

ஸுல்பிகா கைபேசியை அவருடைய மேசையில் வைத்தாள். "நீங்களே போடுங்க சேர். நான் இங்கயே நிக்கிறன்."

மனிதர் வேண்டாவெறுப்பாகத் தொடங்கினார். பொத்தான் ஓடியது. வட்டம் சுற்றியது. இரண்டாம் முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாம் முறை படங்கள் வரை வந்து, படகுகளை அமத்தினார். தவறு. வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"இறங்குதுறையையும் அமத்துங்க சேர். அதுக்கு அதுவும் படகாம்."

குணரத்தினம் படத்தைப் பார்த்தார். யன்னலால் வெளியே பார்த்தார். "உது எப்பிடிப் படகாகும்?"

"அதைத்தானே நானும் மூணு நாளாக் கேக்கிறன்! நீங்களும் மனிசர் இல்லையாம், நானும் மனிசர் இல்லையாம். கடலுக்குப் போறது நாங்க, சேர். அந்த மெஷின் இல்ல."

மணி மூன்றரை. அவர் அலுமாரியின் அடித்தட்டைத் திறந்தார். பழைய படிவங்கள் தூசியோடு அங்கேயே கிடந்தன. ஒன்றை எடுத்து நீட்டினார். "நிரப்புங்கோ. இண்டையத் திகதி போட்டு நான் பதியிறன்."

ஸுல்பிகா வாங்கிக்கொண்டாள். நகரவில்லை.

"இன்னும் அஞ்சு தாங்க."

"அதெப்பிடித் தாறது? படகுக்காரர் வந்து என்ர கண்ணுக்கு முன்னால கையொப்பம் வைக்க வேணும்."

"ஓம், தெரியும். வாசல்ல நிக்கிறாங்க."

அவர் எழுந்து எட்டிப் பார்த்தார். முனீப்பும் அந்த ஒழுங்கைப் படகுக்காரர் ஐந்து பேரும், வெள்ளைச் சேர்ட் போட்டு, தலைக்கு ஒரு பேனையோடு நின்றார்கள். முனீப்புக்கு மட்டும் வேர்த்திருந்தது.