வேலிக்கு வெளியே தெளித்த தீர்த்தம்

லாபிஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் டிரஸ்ஸராக இருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, பெரிய டாக்டர் வராத நாட்களில் மற்ற எல்லாமும் டிரஸ்ஸர் வேலைதான். அந்த வேலையில் என்னை அதிகம் உலுக்கியது எந்த நோயும் அல்ல, இறந்தவர்களுக்காக மன்றாடும் ஒரு கல்லறைத் திருநாள்.

பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் சவரிமுத்து, மலேரியா முற்றி வார்டில் இறந்தார். கள்ளுக்கடையே கதி என்று கிடந்த மனிதர். “சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணாம செத்த குடிகாரன்” என்று சொல்லி, கிறிஸ்தவ வேதக்காரர் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே அவரைப் புதைக்க வைத்தார் அந்தோணிக் கங்காணி. வேலை கொடுப்பவரும் அவர், கோயில் காரியம் பார்ப்பவரும் அவர். யார் வாய் திறப்பார்கள்?

சவரிமுத்துவின் மனைவி அருளாயி திறந்தாள். திருநாளுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள்.

“டிரஸ்ஸரய்யா, நாளைக்கு சாமியார் வர்றாரு. இவரு கல்லறையையும் தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்கச் சொல்லிக் கேக்கப் போறேன். சாவுறப்ப நீங்கதான கூட இருந்தீங்க? வந்து நில்லுங்க.”

“நான் பொய் சொல்ல மாட்டேம்மா.”

“பொய்யா கேட்டேன்? பார்த்தத சொல்லுங்க, போதும்.”

பார்த்ததுதான் தொல்லை. சவரிமுத்து ஜன்னியில் கடைசிவரை கங்காணியைத்தான் கெட்ட வார்த்தையில் ஏசினார். செபம் ஒன்றும் என் காதில் விழவில்லை.

மறுநாள் பாதிரிச் சாமியார் வேலிக்குள்ளே ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து வந்தார். எங்கும் புதுச் சுண்ணாம்பும் பூவும் மெழுகுவர்த்தியும். வேலிக்கு அந்தப் பக்கம் அருளாயி மட்டும் தனியாக நின்றாள்.

“சாமி, இங்கயும் வாங்க!”

கங்காணி குறுக்கே வந்தார். “கடைசி வரைக்கும் அவன் மனந்திரும்பல சாமி. டிரஸ்ஸரையே கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.  நடந்ததை அப்படியே சொன்னேன். அருளாயியின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

அவள் அசையவில்லை. “அதுக்குத்தான சாமி கூப்பிடுறேன்! நல்லவரா போயிருந்தா நான் ஏன் மன்றாடணும்? இங்க திருந்தல. செத்தப்புறம் பாவம் தீருற உத்தரிக்கிற ஸ்தலத்துலயாவது ஆண்டவர் அவரைக் கழுவி எடுக்கட்டும். அவரு பரிசுத்தமாகுற வரைக்கும் நான் விடமாட்டேன்.”

 சாமியார் தீர்த்தச் செம்பைக் கங்காணியிடம் நீட்டி, “தூக்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு வேலியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். கங்காணி செம்போடு பின்னால் போனார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அதற்குப் பிறகும் பல வருடம் அதே வார்டில்தான் வேலை. எத்தனையோ பேர் ஏசிக்கொண்டும் உளறிக்கொண்டும் என் கண் முன்னே போனார்கள். கடைசி மூச்சை வைத்து ஓர் ஆளை முடிவு கட்டும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

அன்று எல்லோரும் போன பிறகு, அருளாயி அந்த மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து கணவனை அதட்டினாள்:

“சாமியாரே வந்துட்டுப் போயிட்டாரு. இனிமேலாவது ஒழுங்கா இருந்து மோட்சம் போய்ச் சேரு. அடுத்த வருசமும் வருவேன்.”