நான் அணைக்காத மெயின் சுவிட்ச்

பெங்களூரு பக்கம் பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த பெயின்ட் கம்பெனியில், தீப்பிடித்தால் யார் என்ன செய்வது என்று பட்டியல் ஒட்டியிருந்தார்கள். மெயின் சுவிட்சை அணைப்பது என் பொறுப்பு. பெண்கள் கழிவறையில் யாராவது சிக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பது, பெருக்கும் மல்லிகாக்காவின் பொறுப்பு.

"என்னக்கா, கக்கூஸ் ஆபீசரா?" என்றேன்.

"ஆமா, சல்யூட் அடிடா" என்றார்.

ஒரு மதியம் நிஜமாகவே தீப்பிடித்தது. நான் முதல் ஆளாக வெளியே ஓடினேன். மல்லிகாக்கா மட்டும் புகைக்குள் போய், கழிவறையில் மயங்கிக் கிடந்த பேக்கிங் பிரிவுப் பெண்ணைத் தூக்கி வந்தார். தீயணைக்க ஊற்றிய தண்ணீரில் அவர் புடவை நனைந்திருந்தது.

"தரையெல்லாம் தண்ணி. நீ மெயின் ஆஃப் பண்ணிருப்பேன்னு தைரியமா நடந்தேன் தம்பி."

நான் அதைத் தொடவே இல்லை.

அதன்பின் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. எங்கே சேர்ந்தாலும் முதலில் மெயின் சுவிட்ச் எங்கே என்றுதான் கேட்கிறேன்.