மின்விசிறியோடு வந்தவள்

என் இளையவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. கடைக்குப் பின்னால் சின்ன அறை. அங்கே உட்கார்ந்து கண்ணாடியைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி என்பாள். பேச்சும் அப்படித்தான், அளந்துதான் வரும். மூத்தவளும் நானும் வேறு ஜாதி. எங்களுக்கு வாயில் நாக்கு நிற்காது.

இளையவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எழுதுகிறவள் மூத்தவள். சொன்னதைச் சொன்னபடி எழுது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அழகு பண்ணுகிற வேலை வேண்டாம். அழகு பண்ணித்தான் இப்படி வந்து நிற்கிறோம்.

இளையவளைக் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். தங்கம் என்றார்கள். தங்கம் வாய் திறந்து பேசாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. மூன்று வருஷம் அவளிடம் "சாப்பாடு" என்பார், "சாவி" என்பார், அவ்வளவுதான். அவள் ஒரு டம்ளரை எடுத்தால்கூட மாமியார், "எங்க வீட்டு டம்ளர், பாத்து" என்பாளாம். ஒருநாள் காலையில் இவள், "நான் போறேன்" என்று சொன்னாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே, "உன்னுதுன்னு என்ன இருக்கோ எடுத்துட்டுப் போ" என்றாராம்.

இவள் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். போட்டு அனுப்பிய நகை எப்போதோ அவர்கள் வியாபாரத்துக்குப் போய்விட்டது. இவளுடையது என்று அந்த வீட்டில் இருந்தது ஒரு மேசை ஃபேன். கல்யாணத்துக்கு முன்னால் முதல் சம்பளத்தில் வாங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தாள்.

கதவைத் திறந்தேன். உச்சி வெயில். பிள்ளையை இடுப்பில் வைத்த மாதிரி ஃபேனை வைத்துக்கொண்டு நிற்கிறாள், ஒயர் தரையில் இழுபடுகிறது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னடி, காத்து வாங்கப் போனியா?" என்றேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏன் ஃபேனை எடுத்து வந்தாள் என்பதை அன்று சாயங்காலம் சொன்னாள். ஒரே ஒரு தடவை, எனக்கு மட்டும்.

மூத்தவள் அந்த வருஷங்களில் வெளியூரில் இருந்தாள். அவளுக்கு ஃபேன் வாங்கியதும் தெரியாது, திரும்பி வந்த விவரமும் தெரியாது. அச்சகத்தில் மருந்துச் சீசாவுக்கு லேபிள் வரைகிறவள். வருஷத்துக்கு ஒரு படக்கதைப் புத்தகம் சொந்தமாகப் போட்டு, காமிக்ஸ் ரசிகர்கள் கூடுகிற கண்காட்சியில் மேசை பிடித்து விற்பாள். தாளை மடிப்பது என் வேலை. கரண்டியின் முதுகால் ஓர் இழுப்பு இழுத்தால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். எழுத்து தெரியாது, பொம்மை பார்ப்பேன்.

போன வருஷம் அவளுக்குக் கதையே வரவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான், "உன் தங்கச்சி ஃபேனை இழுத்துட்டு ஓடி வந்தாளே, அதைப் போடேன்" என்று நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தேன். அது அவளுடைய ஃபேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. மறந்து போகவில்லை. அதைச் சொன்னால் சிரிப்பு போய்விடும்.

எல்லாரையும் பூனையாக வரைந்தாள். பொம்மையைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு பூனை ஃபேனோடு ஓடுகிறது, கடைசியில் அதையே கல்யாணம் கட்டிக்கொள்கிறது. புத்தகத்துக்குப் பெயர் 'ஃபேன் மாப்பிள்ளை'. இளையவளிடம் சொல்லவில்லை. பூனைதானே, யாருக்குத் தெரியப்போகிறது?

கண்காட்சி பெரிய கூடம். படக்கதை ஆள்கள் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வெள்ளித்தாள் கத்தியோடு ஒருத்தன், நீல முடியோடு ஒருத்தி, கால் வைக்க இடமில்லை. எங்கள் மேசைக்கு அன்றைக்குத்தான் முதல் முதலாக வரிசை நின்றது. மூத்தவள் குனிந்த தலை நிமிராமல், வாங்குகிறவர் பெயரை எழுதி ஒரு குட்டிப் பூனை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக் கத்திக்காரன் நின்ற இடத்திலேயே உரக்கப் படித்தான். "பாரேன், மாமியார் வீட்டு ஃபேனைத் திருடிட்டு ஓடுது!"

நீல முடிக்காரி, "நல்ல மாப்பிள்ளைடா. என்ன சொன்னாலும் தலையாட்டுவான்!" என்றாள்.

திருடிட்டு. புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். அவர்களுக்குப் பின்னால் இளையவள் நிற்கிறாள், எங்களுக்கு டீ போட்டு ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு.

அவள் முறை வந்தது. மூத்தவள் தலை தூக்காமல், "யார் பேருக்கு எழுதணும்?" என்று கேட்டாள்.

"பூனை பேருக்கே போடுங்க."

பேனா நின்றுவிட்டது. "ஏய், நீ எப்போ வந்தே? என்னடி புதுசா வாங்க போங்கன்னு?"

"எனக்கு உங்களைத் தெரியாதுங்க. நான் திருடி. பையைப் பத்திரமா வெச்சுக்குங்க."

"சும்மா தமாஷுக்குடி. அம்மா சொன்னதை வெச்சுத்தான்..."

இளையவள் என் பக்கம் திரும்பினாள். "அம்மாவுக்கு எழுத்துதான் தெரியாது. விஷயம் தெரியும்."

சொல்லியிருக்கலாம். 'அது அவ ஃபேன்' என்று மூன்றே வார்த்தை. பின்னால் வரிசை காத்திருந்தது, எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஊர் வாயை அடைக்கிற இந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. இளையவள் புத்தகத்துக்கு உண்டான காசை மேசையில் வைத்தாள். ஃபிளாஸ்கையும் வைத்தாள். போய்விட்டாள்.

அடுத்தவர் கை நீட்டினார். மூத்தவள், "தீந்துபோச்சு" என்றாள்.

"இவ்ளோ அடுக்கி வெச்சிருக்கீங்களே?"

"தீந்துபோச்சுங்க."

புத்தகக் கட்டைத் திரும்பக் கட்டும்போதுதான் மூத்தவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இளையவள் கடைக்குப் பக்கத்து விடுதியில் தங்கியிருக்கிறாள். ஞாயிறு தவறாமல் வருவாள். அந்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்ததும் இல்லை. ஐந்தாவது ஞாயிறு, அவள் என் வீட்டிலேயே விட்டுப்போயிருந்த ஃபேனைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு நானே கிளம்பினேன். மூத்தவள் ஆட்டோ பிடிக்கிறேன் என்றாள். மாட்டேன் என்றேன். அவள் வந்த மாதிரியே இரண்டு பஸ். மடியில் வைத்தால் கம்பி தொடையில் குத்துகிறது. இதைப் போய்ச் சிரிப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

விடுதி வாசலுக்கு இறங்கி வந்தாள். இளைத்திருந்தாள். "அது உன் ஃபேன்தான்டி, எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்றேன்.

"எல்லாருக்கும்னா யாருக்கும்மா? புக்கை வாங்கிட்டுப் போனாங்களே, அவங்களுக்கா?"

ஃபேனை நீட்டினேன். அவள் இறக்கையை ஒரு விரலால் தள்ளினாள். அது அரைச் சுற்று சுற்றி நின்றது.

"இதை ரெண்டு பேரும் கதையாக்கிட்டீங்க. நீங்களே வெச்சுக்குங்க. வெயில் ஏறுது, சீக்கிரம் பஸ் பிடி."

பஸ் நிறுத்தம் வரை ஃபேனை அவளே தூக்கி வந்தாள். ஏற்றிவிட்டு, ஒயரைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சேர உச்சி வெயில். கையில் பலமில்லை, ஃபேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைத் தட்டினேன். மூத்தவள் திறந்தாள். அவளுக்கும் என் வாய்தான். ஆனால் குனிந்து, சுருள் பிரிந்து தரையில் இழுபட்ட ஒயரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.