சொல்லாமல் விழுங்கியவை

கலாராணிக்குப் புருவம் எடுக்கும் வேலை. கண்டி டவுனில் பெண்களுக்கான சலூன் ஒன்றில் பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை விரல்களில் முறுக்கிக் குனிந்தாளென்றால், கதிரையில் சாய்ந்திருப்பவர் வலிக்கிறதென்று சொல்வதற்குள் ஒரு பக்கம் முடிந்திருக்கும். கலகெதரவிலிருந்தும் கம்பளையிலிருந்தும் கல்யாணப் பெண்கள் அவளையே கேட்டு வருவார்கள். அப்படிப்பட்டவளின் கை, மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடுங்கியது.

காரணம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் பயம்.

அதற்கு முந்தின வருடக் கடைசியில் அவளுக்கு என்னவோ ஆகிப்போனது. வீட்டில் யாரும் சாகவில்லை, புருஷனோடு சண்டையில்லை. ஆனால் மஹய்யாவவில் இருக்கும் வீட்டில் காலையில் கண் விழித்தால், எதற்காக எழும்ப வேண்டும் என்றிருந்தது. சோறு வாயில் காகிதமாகக் கிடந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக்கொண்டு ஓடி வந்த அன்று, இப்போது சிரிக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிரித்தாள். பிள்ளை அதை நம்பிவிட்டாள்.

மறுநாளே கலாராணி யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போனாள். டொக்டர் நிறைய நேரம் பேசவிட்டுக் கேட்டார். மாத்திரை எழுதினார். "மாத்திரை வேலை செய்ய மூணு நாலு கிழமை போகும். ஒத்துக்கலன்னா உடனே வந்து சொல்லுங்க. நீங்களா நிறுத்தக் கூடாது, நீங்களா வேற எதையும் சேர்க்கவும் கூடாது" என்று டொக்டர் சொன்னதைத் தாதி தமிழில் எடுத்துச் சொன்னாள். கலாராணி தலையாட்டினாள். வெளியே யாராவது தெரிந்தவர்கள் நிற்கிறார்களா என்பதில்தான் அவள் கவனம் இருந்தது.

புருஷன் ரமேஸ் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறவன். நல்லவன்தான். ஆனால் அவனுடைய சித்தி ஒருத்தி இருந்தாள். இருபது வயதில் இரண்டு மாதம் மனநோய் வார்டில் இருந்தவள். அதற்குப் பிறகு அறுபது வயதாகியும், அந்தக் குடும்பத்தில் அவள் என்ன பேசினாலும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொள்வார்கள். ரமேஸும் சிமிட்டுவான். அதைப் பார்த்திருந்ததால் கலாராணி மாத்திரை அட்டையை வேலைப் பையில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மாத்திரை வேலை செய்தது. ஐந்தாவது கிழமை, பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை தாளிக்கிற வாசத்துக்கு அவளுக்குப் பசித்தது. சின்ன விஷயம்தான், அவள் அடுப்படியில் நின்று அழுதாள். ஆனால் கூடவே வேறு சிலதும் வந்தன. ஃபேனுக்குக் கீழேயே உடுப்பு நனைய வேர்த்தது. ரமேஸ் பக்கத்தில் வந்தால் உடம்பு மரக்கட்டையாகக் கிடந்தது. அவன் திரும்பிப் படுத்துக்கொள்வான். கடைசியாகக் கை.

அந்தச் சனிக்கிழமை கதிரையில் இருந்தது ஒரு மணப்பெண். நூல் விலகி இமையைக் கிழித்தது. ஒரு சொட்டு ரத்தம். பெண்ணின் தாய் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சலூன் நடத்தும் துஷானி எப்படியோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, "என்ன கலா, சாப்பிடாம வந்தியா?" என்றாள்.

"ஆமா மிஸ்."

கிளினிக்குக்குப் போயிருக்கலாம். ஆனால் அடுத்த திகதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது, இடையில் போக லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அவள் போனில் தேடினாள். மாத்திரை இல்லாமல் மனச்சோர்வு போக வழி என்று கேட்டால் ஆயிரம் பேர் பதில் சொன்னார்கள். மஞ்சள், அமுக்கரா, மூச்சுப் பயிற்சி, மீன் எண்ணெய். எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். எல்லோரும் இயற்கை, பக்கவிளைவே கிடையாது என்றார்கள்.

மாதம் ஒருமுறை புருவம் எடுக்க வரும் மஸாஹிரா, இவள் முகத்தைப் பார்த்துத் தானாகவே கேட்டாள். மனசு சரியில்லை என்பதை மட்டும் கலாராணி சொன்னாள். மாத்திரையைச் சொல்லவில்லை.

"எங்கட நானா ஜேர்மனியிலிருந்து ஒரு கெப்சூல் கொண்டுவந்தார்" என்று தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள் மஸாஹிரா. "மருந்தில்ல, பூ. மஞ்சப் பூ ஒண்டு. அங்க எல்லாரும் குடிக்கிறாங்களாம். எனக்கு உம்மா மவுத்தாகி அழுதழுது கிடந்த நேரம் இதுதான் கைகுடுத்தது."

அவள் நல்ல மனதோடுதான் கொடுத்தாள். கலாராணியும் ஒரு கணக்குப் போட்டாள். மாத்திரையைச் சட்டென்று விட்டால் பழைய இருட்டு திரும்பிவிடும். பூ வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை இரண்டையும் குடிப்போம், பிறகு மாத்திரையை விடுவோம். பூதானே.

நாலாம் நாள் வயிற்றால் போனது. ஐந்தாம் நாள் கால்கள் ஓரிடத்தில் நிற்க மறுத்தன. ஆறாம் நாள் காலை பஸ்ஸில் நின்றபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. யன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சலூன் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தாள். கருமணி முழுக் கண்ணையும் அடைத்துக்கொண்டு நின்றது. தாடை தானாக ஆடியது. இதுதான் அது, பைத்தியம் பிடிக்கிறது, இப்படித்தான் பிடிக்கும் என்று நினைத்தாள். ரமேஸின் சித்தி முகம் முன்னால் வந்தது. மகளின் பெயரை நினைக்கப் பார்த்தாள், ஒரு நிமிஷத்துக்கு அது வரவேயில்லை.

துஷானி த்ரீவீலரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ரமேஸ் கடையிலிருந்து சட்டையெல்லாம் சீமெந்துத் தூளோடு ஓடி வந்தான்.

அவசரப் பிரிவில் இருந்தவர் இளம் பெண் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கலாராணியின் பாதத்தைப் பிடித்துச் சட்டென்று மேலே மடக்கினார். பாதம் அவர் கைக்குள் டக் டக்கென்று தானாக அடித்துக்கொண்டேயிருந்தது. கலாராணி அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அது தன் கால் இல்லை போலிருந்தது.

"அம்மா, என்ன மருந்து, குளிசை பாவிக்கிறனீங்கள்?"

"அவ ஒண்ணும் குடிக்கிறதில்ல டொக்டர்" என்றான் ரமேஸ். "தலவலிக்குக்கூட கொத்தமல்லிதான்."

டொக்டர் அவனைப் பார்க்கவில்லை. "நான் அம்மாட்டத்தான் கேட்கிறன். நீங்கள் சொன்னால்தான் நான் சரியா வைத்தியம் செய்யலாம். சொல்லாட்டி ஆபத்து."

கலாராணி ரமேஸின் முகத்தைப் பார்த்தாள். சாவதா, சொல்வதா என்று அவள் உண்மையாகவே யோசித்தாள். பின்னாளில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஒரு நொடியை நினைத்துத்தான் அவளுக்கு உடம்பு சில்லிடும்.

"பையில இருக்கு" என்றாள். "நூலுக்கு அடியில. ரெண்டு சாமான்."

ரமேஸ்தான் பையைக் கவிழ்த்தான். மாத்திரை அட்டையும் கெப்சூல் போத்தலும் கட்டிலில் விழுந்தன. டொக்டர் போத்தலின் லேபலை வாசித்துவிட்டுத் தாதியிடம் வேகமாகச் சிங்களத்தில் பேசினார்.

"பயப்பிடாதேங்கோ, இது விசர், பைத்தியம் ஒண்டும் இல்லை" என்றார் திரும்பி. "இந்தக் குளிசையும் இந்தப் பூவும் மூளையில ஒரே வேலையைச் செய்யிறது. ரெண்டும் சேர்ந்து கூடிப்போச்சு. ரெண்டையும் இப்ப நிப்பாட்டுறம். நல்லவேளை வந்திட்டியள்."

இரண்டு நாள் சேலைன் ஏறியது. முதல் நாள் முழுக்க அவள் கண்ணை மூடப் பயந்தாள். ரமேஸ் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தன மாசமா?"

"அஞ்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க சித்தியப் பாத்து கண்ணடிப்பீங்களே."

அவன் எழுந்து போய், நேரம் கழித்துச் சிவந்த கண்ணோடு வந்து, அவள் காலடியில் உட்கார்ந்தான்.

கிளினிக் டொக்டர் அவளைத் திட்டவில்லை. சில கிழமை பொறுத்து வேறொரு மாத்திரையை மிகக் குறைந்த அளவில் தொடங்கினார். மாத்திரை இல்லாமலே முடியாதா என்று கலாராணி கேட்டாள். முடியக்கூடும், ஆனால் அந்த நாளை இருவரும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும் என்றார். அதுவரைக்கும் தினமும் வெயிலில் அரை மணி நேரம் வேகநடை, நேரத்துக்குத் தூக்கம், பதினைந்து நாளுக்கொரு தடவை ஆலோசகரிடம் பேச்சு. இவையும் மருந்துதான், இவற்றால் கையும் நடுங்காது என்றார்.

மஸாஹிரா விஷயம் கேள்விப்பட்டு அழுதுகொண்டு வந்தாள். "நான் சொல்லியிருக்கணும், உங்க மேல தப்பில்ல" என்று கலாராணிதான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

மூன்று மாதம் அவள் தலைமுடி கழுவும் வேலை மட்டும் செய்தாள். இப்போது மறுபடி நூல் பிடிக்கிறாள். பயம் முழுதாகப் போகவில்லை. குளிரில் விரல் விறைத்தால்கூட நெஞ்சு ஒருமுறை நின்று அடிக்கும். அப்போது நூலைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் இருங்க மிஸ், மனசுக்கு மருந்து குடிக்கிறேன், கை கொஞ்சம் ஆடும்" என்று கதிரையில் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறாள். போன மாதம் அப்படிச் சொன்னபோது, கதிரையில் இருந்த பெண் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "என்ன கிளினிக் அக்கா? எந்த நாள் போறீங்க?"