தேருக்கு முந்தின நாள் அகலம்

எழுபதுகளில் திருவண்ணாமலைத் தெருக்களை அளந்து வரைபடம் போடுவதுதான் என் வேலை. மாட வீதியை மட்டும் கார்த்திகைத் தேருக்கு முந்தின நாள்தான் அளக்கச் சொல்வார்கள். தேர் போக வேண்டுமே என்று கடைக்காரர்கள் தட்டி, பந்தல், பெஞ்சு எல்லாவற்றையும் உள்ளே இழுத்திருப்பார்கள். அளவுச் சங்கிலி எங்கேயும் இடிக்காது. தேர் நிலைக்கு வந்த மறுநாளே எல்லாம் பழையபடி வெளியே வந்துவிடும். அப்புறம் இரண்டு மாட்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும்.

ஒரு வருஷம் தெரு ஜனங்கள் ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள். அதிகாரி என் வரைபடத்தை விரித்துக் காட்டி, "இவ்ளோ அகலம் இருக்குதே, இன்னும் என்னங்க வேணும்?" என்றார்.

அவர்கள் போன பிறகு, சாதாரண நாளில் ஒருமுறை அளந்து பார்க்கலாமே என்று கேட்டேன்.

"கடையெல்லாம் வெளிய கெடக்கும்போது சங்கிலிய எங்கய்யா போடுவே?"