தாய்மாமனை மட்டும் இறக்கிவிட்ட மினிபஸ்

இன்று காலை பெரம்பலூரில் நான் ஏறிய மினிபஸ், சிறுவாச்சூருக்குச் சற்று முன்னால் சரிவில் நின்றுவிட்டது. மெக்கானிக்கைக் கூட்டிவர இறங்கிய கண்டக்டர், பழக்கத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அந்தக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். ஜன்னல்களில் கம்பி. ஹேண்ட்பிரேக் பிடிக்காததால் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை.

பக்கத்தில் பட்டுவேட்டி கட்டிய இளைஞர். சிறுவாச்சூர் கோயிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து, இவர் தாய்மாமன்.

செல்போனில் கெஞ்சினார்: "வந்துட்டேன்க்கா. சித்தப்பன் மடியில வெச்சுக் குத்திராதீங்க!"

முன்சீட்டில் இருந்த கீரைக்கார அம்மா அவரைத் தேற்ற ஒரு விடுகதை போட்டார். "உறுமுவான், பொகை வுடுவான், நாலு பேரு தள்ளுனாத்தான் நகருவான். யாரு சொல்லு?"

"இந்த பஸ்ஸுதான்."

"போ தம்பி. எங்க வூட்டுக்காரரு!"

எல்லோரும் சிரித்தோம். தாய்மாமன் மட்டும் டிரைவர் பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த வழியா வுடுங்கண்ணே."

"என் மடிமேல ஏறியா போவ?"

மறுபடி செல்போன் அடித்தது. டிரைவர் இளகினார். "நீ ஒருத்தன்தான். கால் நழுவுனா எல்லாரும் பள்ளத்துல கெடப்போம். எறங்குனதும் சுத்திப் போயி படிக்கட்டுக் கதவத் தொறந்து வுட்டுரு."

"சரிண்ணே."

ஏறினார், தாண்டினார், குதித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலை நோக்கி ஓடினார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

மெக்கானிக் வரும்வரை நாங்கள் உள்ளேயே இருந்தோம்.

இன்று அந்தக் காதுகுத்துக்குப் போனவர்கள் இதைப் படித்தால், குழந்தை யார் மடியில் உட்கார்ந்தது என்று மட்டும் சொல்லுங்கள். சித்தப்பா மடி என்றால் எனக்கு வருத்தம்தான். கொஞ்சமாக.