உள்ளங்கைப் பாட்டு

மூன்று வருடங்களுக்கு முன், அபுதாபியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் வீடு அதே நாட்டில் இன்னொரு ஊரான அல் ஐனில். அப்பா அங்கே ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக்குகளுக்கு சூப்பர்வைசர். மகள் அக்கவுண்ட்ஸ் படித்து நல்ல வேலைக்குப் போவாள் என்று அவர் நம்பிக்கொண்டிருக்க, நானோ ஐரோப்பாவின் இடைக்கால இசையைப் பிரதான பாடமாக எடுக்கப் போகிறேன் என்று போனில் சொல்லிவிட்டேன்.

"ஆயிரம் வருசத்துக்கு முன்னால வெள்ளக்காரன் கோயில்ல பாடுன பாட்ட, திருநெல்வேலிக்காரன் மவ அரபு நாட்டுல உக்காந்து எதுக்குப் பிள்ள படிக்கணும்?" என்றார் அப்பா. உண்மையைச் சொன்னால், அப்போதே போய்க்கொண்டிருந்த அந்த இசை வகுப்பில் எனக்கே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தது. ஆனால் விடவும் மனசில்லை. இதை எப்படி அவரிடம் சொல்வது?

குழப்பத்துக்குக் காரணம் என் பழைய படிப்புதான். ஆறு வயதிலிருந்து பத்து வருடம் பக்கத்து பில்டிங்கில் ஒரு டீச்சரிடம் கர்நாடக சங்கீதம் கற்றவள் நான். ஏழு சுரம், கையில் தாளம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். இங்கேயோ சுரங்களுக்கு ஆறே ஆறு பெயர். ஏழாவது எங்கே என்று கேட்டால், பாதி வழியில் பெயரை மாற்றிக்கொண்டு மேலே ஏற வேண்டும் என்றார் பேராசிரியை. மாற்றிக்கொள்வதா! தாளம் போடுகிற வழக்கமும் கிடையாது.

அதைவிடக் கொடுமை, அந்தக் காலத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்த முறை. இடது உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு விரல் கணுவும் ஒரு சுரம். வலது ஆள்காட்டி விரலால் எந்தக் கணுவைத் தொடுகிறோமோ, அந்தச் சுரத்தை எதிரில் நிற்பவர்கள் பாடுவார்கள். என் கைக்கோ விரல் என்றால் தாளம் எண்ணத்தான் தெரியும்.

செமஸ்டர் முடிவில் ஒவ்வொருவரும் இப்படிக் கையைக் காட்டிப் பாட வைக்க வேண்டும், வீட்டாரும் வரலாம் என்று அறிவித்தார்கள். அப்பா உடனே முடிவு சொல்லிவிட்டார். "லீவு போட்டுட்டு வாரேன். பாத்து எனக்கு வெளங்குச்சுன்னா படி. இல்லையா, கலாஸ், அத்தோட முடிஞ்சுது. அக்கவுண்ட்ஸ்ல சேந்துரு."

அன்று மதியம் கம்பெனிச் சட்டையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். எனக்கு எதிரே ஏழு மாணவர்கள் நின்றார்கள். நான் காட்டப்போகும் பாட்டு எனக்கு மட்டும்தான் தெரியும். அவர்களிடம் தாள் எதுவும் இல்லை, என் கைதான் புத்தகம். இதையெல்லாம் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். வேலை சைட்டில் பேசுகிற ஆங்கிலம் மட்டுமே பழகிய அப்பாவுக்கு அது எட்டியிருக்காது.

முதல் இரண்டு வரி நன்றாகவே போயிற்று. ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்பா வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், மூன்றாவது வரி சுத்தமாக மறந்துபோயிற்று. மூளை நின்றுவிட்டது, பாழாய்ப்போன கை நிற்கவில்லை! ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஆதி தாளத்தை என் இடது உள்ளங்கையிலேயே போட ஆரம்பித்துவிட்டேன்.

அவர்களும் பாடினார்கள்! என் விரல் விழுந்த இடத்தையெல்லாம் பயபக்தியோடு பாடினார்கள். முழுக் கையும் விழுந்த தட்டுக்கு எது சுரம் என்று தெரியாமல் ஆளுக்கொன்றை எடுத்தார்கள். அறையே சந்தைக்கடை ஆகிவிட்டது. பேராசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். நான் "ஐயையோ" என்று கத்திக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

பார்க்கிங் வரைக்கும் நான் தலை நிமிரவில்லை. இரண்டு வருட ஆசை அரை நிமிடத்தில் போயிற்றே! "நாளைக்கே அக்கவுண்ட்ஸுக்கு எழுதிக் குடுத்துருதேன்பா" என்றேன்.

அப்பா காரைத் திறக்காமல் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்ல நல்லாப் போச்சு பாரு, அப்ப எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவங்க மனப்பாடம் பண்ணிட்டுப் பாடுதாங்க, நீ சும்மா கைய ஆட்டுதன்னு நெனச்சேன். பொறவு நீ கோட்டை விட்டே. அதையும் அப்படியே பாடுனாங்களே! அப்பத்தான் பிள்ள, பாட்டு உன் கையிலதான் இருக்குன்னு தெரிஞ்சுது" என்றார். தன் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டு, "இது என்ன சொரம்?" என்று கேட்டார்.

"அதுக்கு ரெண்டு பேரு உண்டுப்பா. எந்த இடத்துல எதைச் சொல்லணும்னு எனக்கு இன்னும் குழப்பந்தான்."

"அப்ப அதைப் படிச்சுட்டு வந்து சொல்லு" என்று கார் கதவைத் திறந்தார்.

இப்போது அதே பாடத்தில் மேல்படிப்பு படிக்கிறேன், குழப்பம் குறைந்தபாடில்லை. ஆனால் நான் சரியாகச் செய்தபோது விளங்காத என் படிப்பு, எல்லார் முன்னாலும் தடுமாறியபோதுதான் அப்பாவுக்கு விளங்கியது என்று நினைத்துக்கொள்ளும்போது, புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமே வருவதில்லை.